கதை கேட்க அக்கராயனுக்கு

காலை ஆறு மணிக்குச் சற்று முன்பாகக் கொழும்புக் கோட்டையிலிருந்து ரயில் புறப்பட்டது. என்னோடு வந்தவள் மெய்லின், பதினேழு வயதுச் சீனப் பிள்ளை. தகப்பன் கொழும்பில் பொறியியலாளர். தாய் சீனாவில் செங்டு நகர ஆஸ்பத்திரியில் தாதி. நான் மெய்லினுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவள். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அவள் விண்ணப்பிக்கிறாள். கட்டுரை அனுப்ப ஏழே நாள், ஒரு கிழமைதான் மிச்சம்.

"மார்க்ஸ் எல்லாரிடமும் இருக்கிறது, மிஸ்," என்றாள். "சீனாவில் என்னோடு படித்த எல்லாரும் விண்ணப்பிக்கிறார்கள். எல்லாரும் வயலின் வாசிப்பார்கள். எல்லாரிடமும் கணிதப் போட்டிப் பதக்கம் இருக்கிறது. எனக்கு ஒரு கதை வேண்டும்."

பெய்ஜிங்கில் அவளுக்கு விண்ணப்ப ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். போர் நடந்த ஊருக்குப் போ, பிள்ளையை இழந்த தாய் ஒருத்தியைக் கேட்டு எழுது, வாசிப்பவர் கண் கலங்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் விரல்களைப் பார்த்தேன். கடித்துக் கடித்து நகமே இல்லை. பாவம், சரி வா என்று கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கிளிநொச்சியில் இறங்கும்போது பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. நாங்கள் போக வேண்டிய அக்கராயன் அங்கிருந்து பதினைந்து கிலோமீற்றருக்கு மேல். ஓட்டோக்காரர் இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார்.

"சைனாப் பிள்ளையோ? ரோட்டுப் போட வந்தவையோ?"

"இல்லைத் தம்பி, படிப்பு விஷயமாக வந்தவள்."

"படிப்புக்கு அக்கராயனுக்கோ!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த குற்றத்துக்கு இருநூறு ரூபாய் குறைத்தும் கொண்டார்.

மார்கழி மழை விட்டிருந்தது. குளம் தளும்ப, பாதையின் இரண்டு பக்கமும் வயல் பச்சை. வாசலிலேயே நின்றார் புஷ்பம் அக்கா, என் தோழியின் தமக்கை. மூத்த மகனைப் போரில் இழந்தவர். மெய்லினுக்கு அதை முன்பே சொல்லியிருந்தேன். அக்காவிடம், பல்கலைக்கழகக் கட்டுரை விஷயமாக ஒரு பிள்ளை வருகிறாள் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

மெய்லின் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கைபேசியில் எதையோ தட்டி நீட்டினாள். அது தமிழில் பேசியது: "உங்களிடம் கதை இருக்கிறதா?"

"கதையோ?" அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "கதைக்கு இஞ்ச என்ன குறைச்சல்! கதிரையில இருங்கோ பிள்ளை, கதைப்பம்."

இந்தப் பக்கத்தில் கதை என்றால் பேச்சு. மெய்லின் பயபக்தியோடு ஒலிப்பதிவை அழுத்தினாள். அக்கா கதைத்தார். வயலில் இறங்கும் மயில், வேலி பிரிக்கும் மாடு, சின்ன மகளின் பரீட்சை, மருமகனின் குறட்டை. மொழிபெயர்த்தே என் நாக்கு வறண்டுபோயிற்று. நடுவில் குசினிக்குள் போய்ப் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்தார். வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல், "ஆரக்கா அங்க? என்ன கதை?" என்றது. "ஒண்டுமில்லை, சும்மா கதை!" என்றார் அக்கா. அதற்கு என்ன அர்த்தம் என்று மெய்லின் கேட்டாள். காரணமில்லாமல் பேசுவது என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

"அம்மாவோட ஒவ்வொரு நாளும் கதைக்கிறனீங்களோ?" என்று அக்கா கேட்டார்.

"கிழமைக்கு ஒரு தடவை," என்றாள் மெய்லின். "மார்க்ஸைச் சொல்வேன்."

"பிறகு?"

"பிறகு வைத்துவிடுவோம்."

அக்கா இன்னும் கொஞ்சம் பிட்டை அவள் தட்டில் வைத்தார்.

இரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் காலை கிணற்றடியில் மெய்லின் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். அக்கா என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, இந்தப் பிள்ளை என்னத்துக்கு வந்ததெண்டு எனக்குத் தெரியும். கேக்க வெக்கப்படுது. என்ர மகன்ர கதையைச் சொன்னா இதுக்கு அங்க இடம் கிடைக்குமெண்டா, சொல்லுறன். அவனும் படிக்க ஆசைப்பட்டவன்தானே."

அதை அப்படியே மெய்லினுக்குச் சொன்னேன். பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அவள் நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"வேண்டாம் என்று சொல்லுங்கள், மிஸ். அது அவருடைய மகன்."

"அப்ப சரி, தேத்தண்ணி குடியுங்கோ," என்றார் அக்கா. எனக்கு மெய்லினைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பயமும் வந்தது. ஒரு கிழமைக்குள் இவள் என்னத்தை எழுதி அனுப்பப் போகிறாள்?

கொழும்பு திரும்பும் வழியில், பகல் பதினொரு மணிக்குக் கிளிநொச்சியில் வவுனியா பஸ் ஏறினோம். முறிகண்டியில் எல்லா வாகனமும் போல எங்கள் பஸ்ஸும் நின்றது. சாரதி இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டார். நான் கச்சான் கடலை வாங்கினேன். பஸ் மீண்டும் கிளம்பியதும் மெய்லின் தாயை அழைத்தாள்.

முதலில் தாயின் குரல் பதறியது. மார்க்ஸ் சொல்லும் நாள் அன்றல்ல. பிறகு மெய்லின் பேசத் தொடங்கினாள். எனக்குச் சீனம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கையைக் குவித்து மயில் கொத்துவதைக் காட்டினாள். மருமகன்போலக் குறட்டை விட்டாள். மறுமுனையில் அந்த அம்மா சிரித்த சிரிப்பு பஸ் இரைச்சலுக்கு மேலே கேட்டது. மாங்குளம் போயிற்று, புளியங்குளம் போயிற்று, அவர்கள் பேச்சு முடியவில்லை.

வவுனியாவில் இறங்கியபோதுதான் வைத்தாள்.

"கட்டுரை என்ன ஆகும்?" என்றேன்.

"தெரியாது, மிஸ்." கச்சான் கோதை உடைத்துக்கொண்டிருந்தாள். பஸ் ஏறியதிலிருந்து நகத்தில் வாய் வைக்கவில்லை.

"அம்மா என்ன கேட்டார்?"

"என்ன நடந்தது, என்ன நடந்தது என்றே கேட்டுக்கொண்டிருந்தார்."

"நீ என்ன சொன்னாய்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, புஷ்பம் அக்கா இழுப்பதுபோலவே இழுத்துத் தமிழில் சொன்னாள்:

"ஒண்டுமில்லை. சும்மா கதை."