என் கையால் போட்டு, என் கையால் அறுத்த கூரை

முன் கண்ணாடி வெடித்தபோது என் மச்சான் செல்வராஜ் காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

முதலில் பட்டாசு போட்டது மாதிரி ஒரு சத்தம். கூடவே தகடு கிழிகிற சத்தம். அப்புறம் மச்சானின் குரல்.

"யோவ் மாப்ள! இன்னாய்யா பண்ண?"

நான் ஒன்றும் பண்ணவில்லை. ஸ்டாண்டுகளை எடுத்துவிட்டு ஜாக்கை மெதுவாக இறக்கினேன். நான்கு சக்கரமும் தரையைத் தொட்டன. அவ்வளவுதான். கார் ஓடவில்லை, எதன் மேலும் மோதவில்லை. கே.ஜி.எஃப். ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் ஷெட்டுக்குள், சிமென்ட் தரையில், சும்மா நின்ற காரின் முன் கண்ணாடி இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பிளந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷமாகத் தகடு அடிக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மச்சான் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. நான் வெளியிலிருந்து இழுத்தேன். அசையவில்லை. அந்தப் பக்கக் கதவும் அப்படியே. கதவுக் கண்ணாடியும் சிக்கிக்கொண்டது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஒரு விரலால் தள்ளினால் மூடிய கதவுகள் அவை. பின் கண்ணாடி அப்போது பொருத்தவில்லை, வெறும் ஓட்டைதான். அது வழியாகத்தான் அவரை இழுத்தேன். மச்சானுக்கு நல்ல தொப்பை. பாதியில் மாட்டிக்கொண்டார்.

"சிரிச்ச, கொன்னுடுவேன்," என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவர் தொங்கிக்கொண்டிருந்தபோது நான் காரின் அடியைப் பார்த்துவிட்டேன். கதவுக்குக் கீழே தகடு வாயைப் பிளந்திருந்தது. உள்ளேயிருந்து செய்தித்தாள் தொங்கிக்கொண்டிருந்தது.

தகடு இருக்க வேண்டிய இடத்தில் பேப்பர்!

டிங்கரிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் தப்பையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

1. கார் வந்தது

அது இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். சிவப்பு. மேலே கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்துப் போட ஒரு கேன்வாஸ், அவ்வளவுதான். அதை லாரியில் ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து வந்தார் சொந்தக்காரர் பாஸ்கர். மடிப்புக் கலையாத சட்டை, சிரித்த முகம்.

"அண்ணா, பன்னெண்டு வருஷமா என் ஷெட்லயே நிக்குது. ஒருத்தன் கை வெச்சதில்ல. எல்லாம் ஒரிஜினல். மேல ஒரு ஸ்டீல் ரூஃப் மட்டும் போட்டுக் குடுங்க, அது போதும்."

"போல்ட் வெச்சுப் பண்ணித் தரேன் சார். வேணும்னா மாட்டிக்கலாம், வேணாம்னா கழட்டி வெச்சுக்கலாம்."

"ஐயோ, கழட்டறதே வேணாம்ணா. வெல்டிங் அடிச்சுடுங்க. ஸ்ட்ராங்கா நிக்கணும்."

இப்படிப்பட்ட காரை வைத்திருக்கிறவர்கள் ஒரு ஸ்க்ரூவை மாற்றவே யோசிப்பார்கள். இவர் ஒரிஜினல் பாடியில் வெல்டிங் அடிக்கச் சொல்கிறார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பெங்களூரில் இத்தனை ஷெட் இருக்கும்போது கே.ஜி.எஃப்.புக்கு ஏன் வந்தீர்கள் என்றாவது கேட்டிருக்க வேண்டும். அதற்குள் அவர், "மைன்ஸ்ல வேலை பார்த்த கை, அதான் தேடி வந்தேன்," என்று சொல்லிவிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மடையன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒரு பெட்டி மாதிரித் தகடு ஓடும். எங்கள் தொழிலில் ரன்னிங் போர்டு என்போம். கூரை உள்ள காருக்கு மேலேயும் பலம் உண்டு, கீழேயும் பலம் உண்டு. கூரை இல்லாத காருக்கு அந்த ரன்னிங் போர்டுதான் முதுகெலும்பு. முதல் நாளே அதைச் சுத்தியால் தட்டிப் பார்த்தேன். 'டங்' என்று வர வேண்டியது 'தொப்' என்று வந்தது. அடியில் தடியாகத் தார் பூச்சு இருந்தது. அதனால்தான் சத்தம் அமுங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுரண்டிப் பார்க்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். கூரை வேலையை ஆரம்பிக்கிற ஆசையில் அதைக்கூடச் செய்யவில்லை.

2. கேஜைத் தூக்குகிற மாதிரி

நானும் மச்சானும் கோலார் தங்கவயல் மைன்ஸ் ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். மைன்ஸ் மூடிய பிறகு இந்த ஷெட்டைப் போட்டோம். அங்கே மச்சானின் வேலை கேஜ் ரிப்பேர். ஷாஃப்டுக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டுதான் கேஜ். அதை ரிப்பேருக்குக் கொண்டுவந்தால் நான்கு மூலையிலும் ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கி நிறுத்துவோம். கேஜ் மேலும் கீழும் சட்டம் போட்ட முழுப் பெட்டி. மூலையில் பிடித்துத் தூக்கினால் வளையாது.

இந்தக் காரையும் அதே மாதிரி தூக்கினோம். முன் நுனியில் இரண்டு ஸ்டாண்டு, பின் நுனியில் இரண்டு. நடுவில் ஒன்றும் இல்லை. பழகிய கை, யோசிக்கவே இல்லை. மூடி இல்லாத அட்டைப் பெட்டியை இரண்டு நுனியில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், நடு தொங்கும். கார் தொங்கியது. வேலைக்கு இடைஞ்சல் என்று கதவுகளைக் கழற்றி வைத்திருந்ததால் தொங்கியது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

கூரை வேலை நன்றாகவே வந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அட்டையில் டெம்ப்ளேட் வெட்டி, முக்கால் இஞ்ச் ஸ்கொயர் பைப்பை வளைத்து ஃபிரேம் போட்டோம். ஷீட்டை மணல் மூட்டை மேல் வைத்து மரச் சுத்தியால் தட்டித் தட்டி வளைவு எடுத்தோம். ஓரத்தில் தண்ணீர் வழிய ஒரு மடிப்பு. மூன்று வாரம். தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டி வைத்த சயனைடு மேட்டுத் தூசி ஒட்டிவிடக் கூடாது என்று ஷெட்டைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டித்தான் பிரைமர் அடித்தோம். கடைசியில் கதவுகளை மாட்டினோம். கொஞ்சம் இடித்தது. கீலை நகர்த்திச் சரிபண்ணினோம். அதாவது, தொங்கிப்போன காருக்கு ஏற்ற மாதிரி கதவைச் சரிபண்ணியிருக்கிறோம்!

எங்கள் ஒர்க் ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ரிப்பேர் ஆன கேஜ் முதல் தடவை இறங்கும்போது, ரிப்பேர் பண்ணியவன்தான் அதில் நிற்க வேண்டும். அப்புறம்தான் ஷிப்டு ஆட்கள் ஏறுவார்கள். மச்சான் அதை இன்னும் விடவில்லை. எந்த வண்டி வேலை முடிந்தாலும், கீழே இறக்கும்போது அவர் உள்ளே உட்காருவார்.

அன்றும் உட்கார்ந்தார். சக்கரம் தரையைத் தொட்டதும் பாரம் இடம் மாறியது. பாடி பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்த்தது. நாங்கள் போட்ட கூரை அதை விடவில்லை. இரண்டும் இழுத்ததில் கண்ணாடி போனது, கதவு இறுகியது, ரன்னிங் போர்டு கிழிந்தது.

3. பேப்பரில் இருந்தது

பழைய தகடு என்றால் கிழியாது, வளையும். இது கிழிந்தது. மச்சான் கிழிந்த இடத்தில் விரலை விட்டு இழுத்தார். சுருட்டிச் சுருட்டி அடைத்த கன்னட பேப்பர். அதன் மேல் கோழி வலை. அதன் மேல் மேடுபள்ளம் தெரியாமல் பூசி மெழுகிய பட்டி. அதன் மேல் தார். தகடு கைக்கு வரவே இல்லை, துரு மட்டும் பொடியாகக் கொட்டியது. அந்தப் பக்கமும் அதேதான்.

மச்சான் ஒரு தாளை விரித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். புடவைக் கடை விளம்பரம். யுகாதி தள்ளுபடி.

"மாப்ள, எந்த வருஷம்னு பாரு."

பார்த்தேன். இந்த வருஷம்.

பன்னிரண்டு வருஷமாக ஒருத்தன் கை வைக்காத கார்! யுகாதி முடிந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. தலையில் அடித்த மாதிரி இருந்தது. உடனே பாஸ்கருக்குப் போன் போட்டேன்.

"சார், கீழ எறக்கனதும் கண்ணாடி வெடிச்சு, கதவு இறுகிடுச்சு. ரன்னிங் போர்டு கிழிஞ்சு பார்த்தா, முழுக்கப் பேப்பர் அடைச்சு வெச்சிருக்காங்க. தெரியுமா உங்களுக்கு?"

"அது பரவால்லண்ணா. கிழிஞ்ச எடத்துல ஒரு ஷீட் ஒட்டி பிளாக் அடிச்சுடுங்க. கதவு ஓரத்தை கிரைண்ட் பண்ணிடுங்க. கண்ணாடி நான் கொண்டு வரேன். சனிக்கிழம பார்ட்டியக் கூட்டிட்டு வரேன்."

"இன்னா பார்ட்டி?"

"வாங்கறவங்கண்ணா. அவங்க கைக்குப் போனா நமக்கின்னா? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்க. மேல ரூஃப் போட்டா அதுவே பாடிய இழுத்துப் புடிச்சுக்கும்னுதான் சொன்னாங்க..."

நிறுத்திவிட்டார். வாய் தவறி வந்துவிட்டது அவருக்கே தெரிந்தது.

வெயிலுக்கும் மழைக்கும் கேட்ட கூரை இல்லை இது. கீழே மக்கிப்போனதை வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் மேலே இருந்து தூக்கிப் பிடிக்கக் கேட்ட கூரை. மூன்று வாரம் மரச் சுத்தியால் தட்டித் தட்டி நான் செய்தது அழகான ஒரு திருட்டு மூடி. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி அடித்தேன். சாக்கு மேல் விழுந்ததால் உடையவில்லை.

ஷீட் ஒட்டவில்லை. கிரைண்ட் பண்ணவில்லை. கதவைக் கடப்பாரை போட்டு நெம்பித் திறந்ததோடு சரி. காரை அப்படியே விட்டுவைத்தோம்.

4. சனிக்கிழமை

வாங்க வந்தவர் ஒரு பெண். மாலதி, சேலத்தில் பல் டாக்டர். பஸ்ஸில் வந்திறங்கியிருந்தார். திரும்பும்போது இந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி வழியாக வீட்டுக்குப் போவதாகத் திட்டம். கையில் புதுக் கூலிங் கிளாஸ்.

காரைப் பார்த்ததும் பாஸ்கரின் முகம் சுண்டிப்போனது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"இவங்க ஜாக்கை வழுக்க விட்டுட்டாங்க மேடம். கண்ணாடி போச்சு. நான் புதுசு கொண்டு வந்திருக்கேன், ஒரு மணி நேரத்துல மாட்டிடுவாங்க. கதவு ரப்பர் புதுசு, ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்."

நான் பயந்தது இதற்குத்தான். கண்ணாடி உடைந்தது என் கையில். நான் வாயைத் திறந்தால், வேலையைக் கெடுத்த டிங்கர் பழியைத் தள்ளுகிறான் என்பார். அந்த அம்மா யாரை நம்புவார்?

மச்சான்தான் வழி காட்டினார். காரைச் சுற்றிப் போய், பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டார்.

"சார், எங்க ஒர்க் ஷாப்ல ஒரு பழக்கம். வண்டிய யார் குடுக்கறாங்களோ அவங்க மொதல்ல உக்காரணும். வாங்க, ஒரு தபா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டு வந்துடலாம். கதவு மூடலேன்னா கயிறு கீது, கட்டிக்கலாம்."

பாஸ்கர் சிரித்தார். "எனக்கு முட்டி வலிண்ணா."

"பெங்களூர்ல இருந்து நீங்கதான ஓட்டினு வந்தீங்க, வாசல்ல நிக்கற அந்தப் பெரிய காரை?"

"இதுல கிளட்ச் ஹார்டு."

"நான் கீர் போடறேன். நீங்க சும்மா ஸ்டியரிங் புடிங்க. பஸ் ஸ்டாண்டு என்னா, இந்த கேட் வரைக்கும் வாங்க."

பாஸ்கர் நகரவில்லை. மச்சான் உள்ளே கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

அந்த அம்மா காரைப் பார்க்கவில்லை. பாஸ்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், உங்க கார்ல நீங்க உக்கார மாட்டீங்களா?"

நான் கிழிந்த இடத்துப் பேப்பரை ஒரு தட்டில் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். சுத்தியையும் கொடுத்தேன். "தட்டிப் பாருங்கம்மா." அவர் துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரே தட்டு. பட்டி உடைந்து உள்ளே விழுந்தது.

"நான் இதுல ஹைவேல எண்பதுல போயிருப்பேன்," என்றார்.

"போயே போயிருப்பீங்கம்மா," என்றார் மச்சான் உள்ளேயிருந்து.

அவர் பாஸ்கர் பக்கம் திரும்பவே இல்லை. எங்களுக்குக் கை கூப்பிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

5. அறுத்தது

"என் காரை எடுத்துட்டுப் போறேன்," என்று குதித்தார் பாஸ்கர்.

"தாராளமா எடுத்துனு போங்க. காரு உங்களுது. கூரை என்னுது." வாங்கிய அட்வான்ஸை அவர் கையில் வைத்துவிட்டு கிரைண்டரை எடுத்தேன். நான் போட்ட ஒவ்வொரு வெல்டிங்கையும் நானே அறுத்தேன். மூன்று வாரத்து வேலை, ஒரு மணி நேரம் ஆகவில்லை. கூரையின் கடைசிக் கால் அறுந்ததும் கார் முனகிய மாதிரி ஒரு சத்தம். சக்கரத்தின் மேல் நின்ற அந்தக் கார், எங்கள் கண் முன்னால், நடுவில் ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. பாஸ்கரே பின்னால் ஒரு அடி நகர்ந்துவிட்டார். லாரியை வரவழைத்து ஏற்றிக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை.

பெங்களூரில் எனக்குத் தெரிந்த நான்கைந்து ஷெட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். எனக்குத் தெரியாத ஷெட் எத்தனையோ.

இப்போது எங்கள் ஷெட்டில் எந்த வண்டி வந்தாலும் கதவைக் கழற்றுவதற்கு முன்னால் கதவு இடைவெளியை அளந்து சுவரில் எழுதுகிறோம். ரன்னிங் போர்டைச் சுரண்டி, பூச்சில்லாத வெறும் தகட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மேலே கை வைக்கிறோம். நடுவில் ஸ்டாண்டு கொடுக்கிறோம். சத்தம் 'தொப்' என்று வந்தால் அதற்குக் காரணம் கண்டுபிடித்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். திறந்து பாருங்கள். கொண்டுவந்தவன் அதில் உட்கார மறுத்தால் வேலையைத் தொடாதீர்கள். நான் முதல் நாளே இதைச் செய்திருந்தால் அந்தக் கார் இந்த ஷெட் வாசலைத் தாண்டியே வந்திருக்காது.

கூரை இங்கேதான் கிடக்கிறது, கம்ப்ரசருக்கு மூடியாக. அதை அறுக்க முடிந்தது. பேப்பரை இன்னொருத்தன் மறுபடி அடைப்பதை என்னால் தடுக்க முடியாது. பங்காருபேட்டை ரோட்டில் சிவப்பாகச் சின்னக் கார் எது வந்தாலும் இப்போதும் பைக்கை ஓரம் கட்டிவிட்டு, கதவு இடைவெளியைத்தான் முதலில் பார்க்கிறேன். அப்புறம்தான் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்கிறேன்.