மோந்த்ருவாவின் கவட்டை வாசல்

மோந்த்ருவாவில் சைக்கிளைப் பற்றி அன்செல்ம் கோத்தே அளவுக்குப் பேசியவர் யாரும் இல்லை. அவர் ஒரு சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தவரும் யாரும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த ரயில் நின்றது. தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மிஞ்சிய ஜல்லிப் பாதை பல வருடம் யாரும் பயன்படுத்தாமல் கிடந்ததாக ஊராட்சிக் காகிதங்களில் இருக்கிறது. அது பிழை. அன்செல்ம் பயன்படுத்தினார். அவருடைய திராட்சைத் தோட்டம் பாதையின் கீழ்க் கோடியில் இருக்கிறது. பழம் பிழியும் கொட்டகையும் வீடும் மேல் கோடியில். இரண்டுக்கும் நடுவே வேறொரு வழியும் உண்டு. அது பசில் கோத்தேயின் வீட்டு முற்றத்தின் ஊடாகப் போகிறது. பசில் அவருக்குச் சித்தப்பா மகன். இருவர் தோட்டத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு வரிசைக் கொடி யாருடையது என்ற வழக்கில் இருவரும் பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது.

அந்தப் பாதையைத் தார் போட்டு, வண்டிகளே வராத சைக்கிள் பாதையாக மாற்றப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது, எதிர்த்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர் அன்செல்ம்தான்.

"சைக்கிள்ல வர்றவன் என்னத்த வாங்குவான்? தண்ணி கேப்பான். ரெண்டு குலையப் பறிச்சு வாயில போட்டுக்கிட்டுப் போயிட்டே இருப்பான்" என்றார். எங்கள் ஊரில் இதற்கு மேல் வலுவான வாதம் கிடையாது. நிறையப் பேர் கையெழுத்திட்டார்கள். பாதை வந்தே விட்டது.

முதல் கோடையில் ஹாலந்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் சைக்கிளில் வந்து அவர் வீட்டுவாசலில் தண்ணீர் கேட்டார்கள். தண்ணீர் கொண்டுவரச் சோம்பல்பட்டு, கைக்கு எட்டிய குடத்திலிருந்து வெள்ளை ஒயினை ஊற்றிக் கொடுத்தார். அவர்கள் குடித்துவிட்டு, இரண்டு பக்கப் பைகளும் கொள்கிற அளவுக்குப் பாட்டில் வாங்கிப் போனார்கள். மறுவாரமே வால்நட் மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டாயிற்று. அடுத்த மாதம் அன்செல்மின் தலையில் சைக்கிள்காரர்களின் சிறு தொப்பி. மௌனத்தின் மகிமையைப் பற்றி அவர் பேசத் தொடங்கியதும் அப்போதுதான்.

"கேளுங்க" என்பார், பெஞ்சில் அமர்ந்தவர்களிடம் விரலை உயர்த்தி. "எஞ்சின் சத்தம்னு ஒண்ணு கேக்குதா? இங்க அது கெடையவே கெடையாது."

விரலை உயர்த்துவது காலை பத்து மணிக்கு. விடியும்போது அவரே தன் டிராக்டரை அதே பாதையில் ஓட்டிப் போய் வந்திருப்பார்.

கேலி செய்கிறவன் இதையும் சொல்ல வேண்டும்: அந்தப் பெஞ்சு அவருக்கு விளையாட்டு இல்லை. அதற்கு முன்பு அவருடைய ஒயின் முழுவதும் நகரத்து வியாபாரியின் லாரித் தொட்டிக்குத்தான் போகும். வியாபாரி சொன்னதுதான் விலை. இப்போது பாட்டில் பாட்டிலாக அவரே விற்றார். இந்தப் பிழைப்பு முழுவதும் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி இருந்தது. வண்டி வராத பாதைகளை மட்டும் சொல்லும் புத்தகம் அது. சைக்கிள்காரர்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் வருவார்கள். அதை எழுதும் மதாம் வெர்னூ ஆண்டுக்கு ஒரு முறை தானே சைக்கிளில் வந்து பார்ப்பார். ஒரு டிராக்டர் கண்ணில் பட்டால் போதும், எங்கள் பாதையைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டு ஆற்றுக்கு அக்கரைப் பாதையைக் காட்டிவிடுவார். அன்செல்ம் மறுபடியும் லாரிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நிற்க வேண்டும்.

அதனால் பசில் தன் டிராக்டரைப் பாதையில் விட்டபோது, அன்செல்ம் மேயரிடம் ஓடினார். தடுப்பு வேண்டும் என்றார். ஊராட்சியும் பாதையின் நடுவில் ஓக் மரக் கட்டை ஒன்றை ஆழமாக நட்டது. காரும் ரொட்டிக்காரர் வேனும் நுழைய முடியாதபடி இடைவெளியை அளந்து பார்த்தார்கள்.

எங்கள் ஊரில் ஓடுவது கவட்டை டிராக்டர். கொடி வரிசையைக் கால்களுக்கு நடுவில் விட்டு, இருபுறமும் சக்கரம் ஊன்றி, உயரத்தில் ஓட்டுநரை உட்காரவைத்துப் போகும் வண்டி அது. நடுவில் நட்டது எதுவானாலும் தாண்டிப் போவதற்கென்றே செய்தது. அதை நிறுத்த, நடுவில் ஒற்றைக் கட்டையை நட்டது திராட்சை விவசாயிகள் மட்டுமே இருக்கும் ஒரு சபை.

மறுநாள் பசில் கட்டையைத் தாண்டி மெதுவாகப் போனார். தாண்டும்போது மேலிருந்து தொப்பியைத் தொட்டு அதற்கு ஒரு வணக்கமும் வைத்தார்.

அன்செல்ம் மறுபடி சபைக்கு வந்தார். இந்த முறை குறுக்குக் கம்பி கேட்டார்: சைக்கிள்காரர் தலை தட்டாமல் போகலாம், கவட்டை டிராக்டர் போக முடியாது. எல்லாருக்கும் சம்மதம்.

"கம்பிய எங்க வைக்கிறது?" என்றார் மேயர் மார்த் அம்மாள். "ஊர் எல்லைல ஒண்ணு போதுமா?"

சபையில் உறுப்பினரான பசில் தொண்டையைச் செருமினார். "எங்க சத்தமே ஆகாதோ அங்க வைங்க மேயரம்மா. சனம் வந்து உக்கார்றது அன்செல்மு பெஞ்சுலதான? அதுக்குக் கொஞ்சம் கீழ வைங்க. எஞ்சின் சத்தம் கேட்டாலே அவருக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதாம், பாவம்."

பெஞ்சுக்குக் கீழே என்றால் அன்செல்மின் தோட்டத்துக்கும் கொட்டகைக்கும் நடுவில். அவர் முகம் போன போக்கைச் சபை முழுவதும் பார்த்தது.

"உங்களுக்கு ஏதும் ஆட்சேபணை இருக்கா அன்செல்ம்?"

"எனக்கென்ன ஆட்சேபணை" என்றார். "நான் என்ன, பாதைல வண்டியா ஓட்டுறேன்?"

அந்த நேரத்தில் சபையில் பலருக்குக் கைக்குட்டையால் வாயை மூடி மூக்குச் சிந்த வேண்டியிருந்தது.

வீட்டில் அவர் மனைவி ஒடில் கேட்டாராம்: "சம்மதம்னு கையத் தூக்கினீங்களா?"

"தூக்கினேன்."

"ரெண்டு கையுமா?"

கம்பியைப் பசிலின் வண்டியை வைத்து அளந்து, இரண்டு தூண்களில் வைத்துப் பற்றவைத்துவிட்டார்கள். அன்செல்மின் வண்டி அதைவிடக் கொஞ்சம் பழையது, கொஞ்சம் குட்டை. டயரில் பாதிக் காற்றை இறக்கி, பழக்கூடைகளின் பாரமும் ஏறினால் கம்பிக்குக் கீழே நுழைந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கு சரிதான்.

அறுவடையின் முதல் நாள். மழை மதியத்துக்கு மேல் பெய்ததாக இப்போது சொல்கிறார்கள். தவறு, பதினொரு மணிக்கே தூறல் விழுந்துவிட்டது. அறுத்த பழம் நனைந்தால் ஒயின் தண்ணீராகும். அன்செல்ம் காற்றை இறக்கினார், வண்டியின் இரு பக்கமும் கூடைகளை ஏற்றிக் கட்டினார். கட்டையைத் தாண்டினார். ஓட்டுகிற இடத்தில் முதுகை வளைத்துக்கொண்டு கம்பிக்கு அடியில் பாதி நுழைந்தார். மேலே ஒரு விரல் இடைவெளி.

வளைவுக்கு அப்பால் சைக்கிள் மணி கேட்டது. ஒவ்வொரு முறையும் வளைவில் மணி அடிக்கிறவர் மதாம் வெர்னூ ஒருவர்தான். அன்செல்ம் சட்டென்று எஞ்சினை நிறுத்தினார். சத்தமாவது கேட்காமல் இருக்கட்டும் என்ற எண்ணம்.

பின்னால் நடந்துவந்த அறுவடைக்காரர்களுக்கு அது வேறு விதமாகப் புரிந்தது. கொட்டகை எதிரிலேயே இருக்கிறது, மழை வருகிறது, வண்டி நின்றுவிட்டது: இறக்கச் சொல்கிறார். கூடை கூடையாக இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். பாரம் குறையக் குறைய டயர்கள் எழும்பின. கடைசிக் கூடை இறங்கியபோது வண்டியின் மேல்சட்டம் கம்பியில் போய் இறுகி, இரண்டும் ஒன்றாகிவிட்டன. அன்செல்ம் தவழ்ந்துதான் கீழே இறங்கினார்.

மதாம் வெர்னூ சைக்கிளை நிறுத்தினார். "இது என்னங்க?"

"இதுங்களா?" என்றார் அன்செல்ம். "இது வாசல், மேடம்."

"வாசலா?"

"பாதையோட வாசல். வண்டி உள்ள வராம இருக்க."

"வண்டிய வச்சேவா?"

"எங்க ஆளுங்களுக்கு வேற எதக் காட்டினாலும் புரியாது, மேடம்."

மதாம் வெர்னூ எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தார். "சூடா இருக்கே?"

"வெயில்ல நிக்குதுல்ல" என்றார் ஒடில், தலைக்குமேல் ஒரு காலிக் கூடையைப் பிடித்துக்கொண்டு. மழை அப்போது நன்றாகவே வலுத்திருந்தது.

மதாம் வெர்னூ யோசித்தார். பிறகு தலையைக் குனிந்து, டிராக்டரின் கால்களுக்கு நடுவே சைக்கிளை ஓட்டி மறுபக்கம் போனார். திரும்பி வந்தார். இன்னொரு முறை போனார். அவ்வளவு பெரிய மனுஷி அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

"அருமையா இருக்குங்க. இத போட்டோ எடுத்து புஸ்தகத்து அட்டைலயே போட்டுடறேன். அடுத்த வருஷம் ஜனங்க இத நம்பி வருவாங்க. எடுத்துட மாட்டீங்களே?"

கூடைகளை மறுபடி ஏற்றினால் வண்டி வெளியே வந்துவிடும். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"எடுக்கறதா? எதுக்கு எடுக்கணும்" என்றார் அன்செல்ம். மூன்று தவணை பாக்கியுள்ள வண்டியைப் பார்க்காமலே சொன்னார்.

தோட்டத்தில் இன்னும் முக்கால்வாசிப் பழம் கிடந்தது. மதாம் வெர்னூ பெஞ்சில் அமர்ந்து வெள்ளை ஒயினும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அன்செல்ம் பின்பக்கமாக நனைந்துகொண்டே பசிலின் முற்றத்துக்கு நடந்தார். பசில் கதவருகில் நின்றிருந்தார். காத்திருந்த மாதிரிதான் இருந்தது.

"வாய்யா. சைக்கிள்லயா வந்த?"

"ஒன் வண்டி வேணும் பசில். முத்தத்து வழியும் வேணும்."

"வருஷா வருஷம் வேணுமே. ஒன் வண்டிதான் வாசலாயிடுச்சாமே."

"வேணும்தான்."

"அந்த வரிசைக் கொடி?"

"எடுத்துக்க."

"எடுத்துக்கன்னு பிச்சை போடாத. அது யாரோடது? அதச் சொல்லு."

அன்செல்ம் திரும்பித் தன் தோட்டத்துப் பக்கம் பார்த்தார். மழை அதற்காகக் காத்திருக்கவில்லை.

"ஒன்னோடதுதான்" என்றார் அன்செல்ம். "எங்கப்பனுக்கும் தெரியும்."

பசில் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வாசல் இன்றும் அங்கேதான் நிற்கிறது. ஊராட்சி அதற்குப் பச்சை வண்ணம் பூசியிருக்கிறது. தவணையை அன்செல்ம் கட்டி முடித்துவிட்டார். கோடை முழுவதும் சைக்கிள்காரர்கள் தலை குனிந்து அதனூடே வருகிறார்கள். பெஞ்சில் இடம் கிடைப்பதில்லை. வியாபாரியின் லாரி எங்கள் ஊர்ப்பக்கம் திரும்புவதில்லை. அறுவடை வாரத்தில் மட்டும் பசில், அன்செல்மின் பழத்தைத் தன் முற்றத்து வழியாக ஏற்றி வருகிறார். வேலிக்கு அப்பால், பெஞ்சுக்கு நேர் பின்னால் வரும்போது, தேவைக்கு மேல் எஞ்சினை உறுமவிடுவார்.

அது என்ன சத்தம் என்று பெஞ்சில் இருப்பவர்கள் கேட்பார்கள்.

"அதுங்களா?" என்பார் அன்செல்ம், தொப்பியைச் சரிசெய்துகொண்டு. "அது பக்கத்து ஊருங்க."