நான் தேர்ந்தெடுத்த இமேஜ்

என் தவறுக்காக ஒரு பெண் வேலையை இழந்தாள்.

கேளம்பாக்கத்து நிறுவனம் ஒன்றில் சர்வர் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. செலவைக் குறைக்க வேறு வகை பிராசஸர் கொண்ட கிளவுட் சர்வர்களுக்கு மாறினோம். தேவையான மென்பொருளை எல்லாம் முன்பே ஏற்றிய மெஷின் இமேஜிலிருந்துதான் புதிய சர்வர் உருவாகும். அந்த இமேஜ் பிராசஸர் வகைக்குப் பொருந்த வேண்டும். என் பிரிவுப் பெண் இரண்டு வகைக்கும் சரியாகவே தயாரித்து வைத்திருந்தாள். அவசரத்தில் பழைய வகைக்கானதைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

எங்கள் சர்வர்களில்தான் கல்லூரி விண்ணப்ப இணையதளம் ஓடியது. அதன் கடைசி நாளில் கூட்டம் குவிந்தது. அதைத் தாங்கத் தானாக உருவாக வேண்டிய புதிய சர்வர் ஒன்றுகூட எழவில்லை. பல பிள்ளைகளால் விண்ணப்பிக்க முடியவில்லை. நாங்கள் எல்லோரும் ஒரே லாகினில் வேலை செய்வோம். அதனால் யார் செய்தது என்று தெரியாது. விசாரணையில், "இமேஜ் ரெடி பண்ணது அவங்கதான்" என்றேன். அது உண்மை என்பதால் என் பொய் எடுபட்டது.

ஓய்வு பெற்றபின் அனகாபுத்தூரில் அவள் வீட்டுக்குப் போய் ஒப்புக்கொண்டேன்.

"என்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவும்? இன்டர்வியூ போற எடத்துல எல்லாம் பழைய ஆபீஸ்லதான் விசாரிக்கிறாங்க. அங்க சொல்லுங்க."

சொன்னேன். மேலாளர் சிரித்தார். "விடுங்க சார், முடிஞ்ச கதை. நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே."

அவள் நேர்காணலுக்குப் போன நிறுவனத்தை நானே அழைத்தேன். "நீங்க அவங்க அப்பாவா சார்?" என்று கேட்டார்கள். அந்த வேலையும் கிடைக்கவில்லை.

இப்போது அவள் என் போனை எடுப்பதில்லை. நான் அழைத்துக்கொண்டே இருக்கிறேன்.