இரண்டு மடவை

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். என் கணவர் மீமிசல் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். மடவை மீன் குழம்பு என்றால் உயிரை விடுவார். பச்சை மீன் வாடை வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அறுப்பதும் கழுவுவதும் என் வேலை.

சாம்பல் போட்டுத் தேய்த்தால் சில மடவைக்குச் செதில் உதிர்ந்துவிடும். சிலது மல்லுக்கு நிற்கும். அரிவாள்மணையில் வைத்துச் சுரண்ட வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கரையில் விற்பவர்களும் ஒரே பெயர்தான் சொல்வார்கள். ஆனால் செதில் உதிர்கிற மீனுக்குக் கார்த்திகையில் சினை இருந்தது. சுரண்டுகிற மீனுக்கு மாசியில்தான். இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, ஒருநாள் சோறு போடும்போது சொன்னேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "உருவம் ஒண்ணா இருந்தா மட்டும் ஒரே இனம் ஆயிடாது. ஒண்ணோட ஒண்ணு கூடிக் குஞ்சு பொரிக்கணும். ஒண்ணு சினையா இருக்கப்ப மத்தது வெறும் வயித்தோட இருந்தா எப்படிக் கூடும்? நீ ரெண்டு இனத்தக் கண்டுபிடிச்சிருக்க!"

மதராஸில் மீன் இலாகாவுக்கு எழுதுவதாகவும், என் பெயரையும் போடுவதாகவும் சொன்னார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆடி மாதம் மீன் இலாகா அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வருஷமா நானே அறுத்துப் பாத்தேன் சார்," என்றார் என் கணவர். நானேயாம்!

"வீட்ல யாரும் ஒத்தாசை பண்ணாங்களா?"

"அவளுக்கு அடுப்படிதான் சார் தெரியும்."

கூடவே படுத்து எழுந்த மனிதர் இப்படிச் செய்வாரா?

அதிகாரி கரையில் வாங்கிவந்த ஏழு மடவையைத் தாம்பாளத்தில் பரப்பி, இனம் பிரித்துக் காட்டச் சொன்னார். சினை இல்லாத மாதம். என் கணவர் சாம்பல் இல்லாமல் நகத்தாலேயே சுரண்டினார். எல்லாச் செதிலும் ஒரே மாதிரி வந்தது. வேர்த்துப்போய் அடுப்படிக்கு ஓடிவந்தார்.

"இந்தா, வந்து தொட்டுப் பாத்துச் சொல்லிட்டுப் போ. மானம் போகுது."

"எனக்கு அடுப்படிதாங்க தெரியும்," என்றேன். அதிகாரிக்கும் கேட்டிருக்கும்.

இரண்டும் ஒரே இனம்தான் என்று எழுதிக்கொண்டு அதிகாரி போய்விட்டார். என் வைராக்கியம் அன்று பொழுது சாயும்வரைகூட நிற்கவில்லை. என்னை ஏமாற்றியது என் கணவர். தொட்டுச் சொல்லாமல் என் மீனைக் கைவிட்டது நான்.

தாம்பாளத்து மீன்களை நான்தான் கழுவினேன். நாலுக்குச் சாம்பலிலேயே செதில் உதிர்ந்தது, மூன்று மல்லுக்கு நின்றது. ஏழு மீனையும் ஒரே சட்டியில் போட்டேன்.