கீழிமையில் போட்ட தையல்

யோன்சிம்முக்கு அறுபது வயது. குன்சான் ஊரின் பெரிய அங்காடியில் இறைச்சிக் கொழுக்கட்டையைச் சுட்டு, பல்குச்சியில் குத்தி, வருகிறவர்களுக்கு ருசி பார்க்கக் கொடுப்பது அவள் வேலை. பதினாறு வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறாள். கொழுக்கட்டையை வாங்குகிறார்களோ இல்லையோ, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்காமல் யாரும் நகர்வதில்லை. கண்ணுக்குக் கீழே அப்படி இரண்டு பை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து வந்தாலும் இதே விசாரணைதான். மேலாளர்கூட ஒருநாள், "நீங்க நீட்டினா கொழுக்கட்டை மருந்து மாதிரி தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரே சிரித்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் அறுபது நிறைந்த தாய்க்குப் பிள்ளைகள் விருந்து வைப்பதில்லை, கண்ணைத் திருத்திக் கொடுக்கிறார்கள். பூசானில் இருக்கும் மகனும் அதையே சொன்னான். இந்த வயதில் எனக்கெதற்கு என்று பத்து நாள் பிகு பண்ணிக்கொண்டாள். பதினோராம் நாள் அவளே ஜோன்ஜுவில் ஒரு கிளினிக்குக்குப் போன் போட்டு வியாழக்கிழமைக்கு நாள் குறித்துவிட்டாள்.

கிளினிக்கில் இருந்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். கீழிமை மயிருக்கு அடியில் மெல்லிய கீறல். பிதுங்கிய கொழுப்பைப் பள்ளத்தில் நிரவிவிட்டு, தொங்கும் தோலைக் கொஞ்சம் எடுத்துத் தைப்பார்கள். ஒரு மணி நேர வேலை. முதல் மூன்று நாள் ஐஸ் ஒத்தடம், தலையை உயர்த்தித் தூக்கம், ஏழாம் நாள் தையல் பிரிப்பு. கன்னம் வரை நீலம் இறங்கி மஞ்சளாகி இரண்டு வாரத்தில் மறையும். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, உப்பான சூப்பு ஆகாது. முக்கியமாக, அழக் கூடாது.

"எனக்கு அழ என்னம்மா இருக்கு" என்றாள் யோன்சிம்.

அந்த நேரத்தில் அவளுடைய அக்கா கும்சில், ஈரலில் புற்றோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். மூன்று மாதம் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவின் நினைப்பே வராமல் அப்படிப் பதில் சொன்னதைப் பிறகு யோன்சிம் எத்தனையோ தடவை நினைத்துக் கூசிப்போனாள்.

அறுவை ஒன்றும் வலிக்கவில்லை. அரைத் தூக்கத்தில் மயிர் பொசுங்குகிற வாடை மட்டும் தெரிந்தது. மறுநாள் கண்ணாடியில் பார்த்தபோதுதான் பகீரென்றது. யாரோ இரண்டு கண்ணிலும் ஓங்கிக் குத்தியது மாதிரி இருந்தது. வீக்கம் வடியப் பூசணிச் சாற்றைக் குடித்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். மகனைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் அக்கா மகள் தாஜோங் கூப்பிட்டாள். அம்மா சித்தியைப் பார்க்கணும் என்கிறாள், ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள் என்றாள். காய்ச்சல், சளி, ஆஸ்பத்திரியில் உள்ளே விடமாட்டார்கள், அடுத்த வாரம் வருகிறேன் என்று யோன்சிம் வாய் கூசாமல் சொன்னாள். இரண்டு தடவை இருமியும் காட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் அக்காவே வீடியோவில் வந்தாள். யோன்சிம் போனைக் கட்டிலில் மல்லாத்தி வைத்துவிட்டு எட்டி உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து அக்கா தெரிந்தாள். தலையில் முடியில்லை, முகம் மஞ்சளாக உப்பியிருந்தது.

"ஏண்டி, விட்டம்தான் தெரியுது. மூஞ்சியக் காட்டு."

"போன் சரியில்லக்கா. வந்து நேர்லயே காட்டுறேன்."

"காய்ச்சலோட அலையாத. கஞ்சி குடிச்சிட்டுப் படு" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள்.

மூன்று மாதம் என்று டாக்டர் சொன்னது பொய்த்துப்போனது. திங்கட்கிழமை காலை கும்சில் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலேயே சாவுக்கூடம்; அஞ்சலியும் வந்தவர்களுக்குச் சாப்பாடும் அங்கேதான். யோன்சிம் கறுப்புத் துக்க உடை உடுத்தி, கறுப்பு முகக்கவசமும் பழுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் எல்லோரும் படத்துக்கு முன்னால் நெற்றி தரையில் பட இரண்டு முறை விழுந்து கும்பிட்டார்கள். கூடப்பிறந்தவள் மட்டும் முழங்கால் வலி என்று சொல்லி நின்றபடியே தலையை லேசாகச் சாய்த்தாள். குனிந்தால் தையலில் ரத்தம் கட்டுமே.

கண்ணாடிக்குள் நீலத்தைப் பார்த்த ஓரகத்தி முறையுள்ள ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அழுது அழுது ரத்தமே இறங்கிவிட்டதே என்று உருகினாள். அது ஒவ்வொரு மேசையாகப் பரவியது. கார சூப்பைக் குடித்துக்கொண்டே, தங்கச்சின்னா இப்படி இருக்கணும் என்று பேசிக்கொண்டார்கள். அங்காடியில் கூட வேலை பார்ப்பவள் ஒருத்தி மட்டும் உற்றுப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவளும் போன வருடம் இதையே செய்துகொண்டவள்தான். யோன்சிம்முக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள். புகழ்ச்சியைத்தான் தாங்க முடியவில்லை. இதில் பெரிய அநியாயம், உண்மையில் அவள் ஒரு சொட்டு அழவில்லை. அழுகை வரும்போதெல்லாம் பயந்துபோய் அண்ணாந்து அடக்கிக்கொண்டாள்.

தாஜோங் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "காய்ச்சலோட ஏன் சித்தி நிக்கிறீங்க, கொஞ்சம் படுங்க" என்றாள். யோன்சிம் தலையை ஆட்டிவைத்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் பிற்பகல் பெட்டியில் வைக்கும் சடங்கு. நெருங்கிய சொந்தம் ஆறேழு பேரை மட்டும் உள்ளே அழைத்தார்கள். கும்சிலைக் குளிப்பாட்டி, சணல் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். சடங்கு செய்கிறவர், கடைசியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள், இதற்குப் பிறகு முகத்தை மூடிவிடுவோம் என்றார். தாஜோங் அம்மாவின் கன்னத்தைத் தடவி ஏதோ முணுமுணுத்தாள். அடுத்து யோன்சிம் முறை.

அவள் முகக்கவசத்தை அவிழ்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். இமைக்குக் கீழே கறுப்பு நூல் வரிசையாகத் தெரிந்தது. அவள் குனிந்து, இன்னும் குனிந்து, அக்காவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள்.

"அக்கா, எனக்குக் காய்ச்சல் இல்ல. கண்ணத் திருத்திக்கிட்டேன். வீங்கியிருக்குன்னு வெக்கப்பட்டு வரல. இந்தா, மூஞ்சி."

கும்சிலின் கண்கள் மூடியிருந்தன. யோன்சிம் அப்போதுதான் அழுதாள். இடது இமையோரம் ரத்தம் கசிந்து கன்னத்தில் இறங்கியதை யாரோ பஞ்சால் துடைத்துவிட்டார்கள்.

வெளியே நடைக்கூடத்தில் தாஜோங் சுவரில் சாய்ந்து நின்றாள். யோன்சிம் பக்கத்தில் போய் நின்றாள். தாஜோங் கேட்டாள்.

"தையல் எப்பப் பிரிக்கிறாங்க?"

"வியாழக்கெழம."

"தொணைக்கு யாரு வர்றாங்க?"

"யாருமில்ல. எம் மவன் பூசானுக்குப் போயிடுவான்."

"எங்கம்மா மொகம் எப்படி வீங்கியிருந்துச்சு, பாத்தீங்கல்ல. மூணு மாசமா கண்ணாடியே வேணாம்னவங்க. அன்னைக்கு வீடியோவுல உங்ககிட்டக் காட்டணும்னுதான் என்னை மொகம் தொடச்சிவிடச் சொன்னாங்க."

யோன்சிம் அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

"நான் தொணைக்கு வரமாட்டேன் சித்தி" என்றாள் தாஜோங். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு வந்தவர்களைக் கவனிக்க உள்ளே போய்விட்டாள்.