மீராமுகைதீனுக்குக் கிடைத்த மூன்று ஜும்ஆ

மருதமுனையில் மீராமுகைதீன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அபின் மீரான் என்றால் சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். நல்ல நெசவுக்காரன். அவன் நெய்த சாரத்தைக் கல்முனைக் கடைக்காரர்கள் காத்திருந்து வாங்குவார்கள். இடுப்பு நோவுக்கு என்று யாரோ கொடுத்த அபின் அவனைப் பிடித்துக்கொண்டது. இரண்டு தரம் பிடிபட்டு மறியலுக்கு, சிறைக்குப் போய்வந்தான். இரண்டு தரமும் வந்து ஒரு மாதம் அபினில்லாமல் தாங்கவில்லை.

ஐம்பத்துநாலாம் வருஷம் மூன்றாம் தரம் பிடிபட்டபோது, புதிதாக வந்த நீதவான் வேறு வழி பார்த்தார். மறியல் வேண்டாம், பன்னிரண்டு கிழமை, வாராவாரம் வெள்ளியன்று மட்டக்களப்புக்குப் போய் அபினை விட டாக்டரிடம் மருந்து எடு, தவறினால் ஆறு மாதம் உள்ளே என்றார். முதல் மூன்று கிழமை அவன் பட்ட பாட்டைப் பக்கத்து வீட்டு வளவிலிருந்து பார்த்தேன். வாந்தியும் நடுக்கமுமாகக் கிடந்தான். மனைவி ஸகியா பக்கத்தை விட்டு நகரவில்லை. ஏழாம் கிழமை அவன் வீட்டில் தறிச் சத்தம் கேட்டது.

எங்கள் ஊருக்கு அது பொறுக்குமா? காலை பஸ்ஸில் போகிறவன் வெள்ளி மதியம் ஜும்ஆத் தொழுகைக்குத் திரும்ப முடியாது. ஏழு ஜும்ஆ விட்டுவிட்டான் என்று கதை கிளம்பியது. எட்டாம் வெள்ளி, பள்ளிவாசல் பொறுப்பாளர் அதாவுல்லா மரைக்கார் எங்களில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் பஸ்ஸை மறித்தார்.

"ஆசுபத்திரிக்குப் போறன் மரைக்கார். இந்தா, கோட்டுக் கடுதாசி."

நீதவான் கொடுத்த கடுதாசி இங்கிலீசில் இருந்தது. மரைக்கார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அபின் வாங்கத்தானே போறாய். எங்களுக்குத் தெரியாதா? எறங்கு."

நோயாளிக்கும் பிரயாணிக்கும் ஜும்ஆ கடமையில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் இரண்டுமாக இருந்தான். தெரிந்துகொண்டே இழுத்து இறக்கினோம். நானும் ஒரு கை பிடித்தேன், தூ.

அடுத்த இரண்டு வெள்ளியும் அப்படியே. அவனை முன் வரிசையில் உட்காரவைத்தோம். ஒரு மனிதனைத் திருத்திவிட்டோம் என்ற பெருமையில் வீட்டுக்குப் போய் வயிறு முட்டச் சோறு தின்றோம்.

மூன்று வெள்ளி வரவில்லை என்று டாக்டர் எழுத, நீதிமன்றம் அவனைக் கூப்பிட்டது. உன்னை மறித்தவர்கள் வந்து சொல்லட்டும் என்று நீதவான் ஒரு கிழமை தவணை கொடுத்தார். ஸகியா சாட்சி கேட்டு மரைக்கார் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நீங்கதானே புடிச்சி எறக்கின. அல்லாஹ்வுக்குப் பொதுவா அத மட்டும் வந்து செல்லுங்க."

"அபின்காரனுக்குச் சாட்சி செல்ல நான் கோட்டேறவா? ஊரு சிரிக்கும். போ புள்ள."

அவள் என் வீட்டுக்கும் வந்தாள். நானும் நெசவுக்காரன்தான்; தறிக்குழிக்குள் இருந்துகொண்டே, வீட்டில் இல்லை என்று மனைவியைச் சொல்லவைத்தேன். அவனுக்கு ஆறு மாதம் கிடைத்தது. வெளியே வந்த கிழமையே மீண்டும் அபின். தறியில் சிலந்தி கூடு கட்டியது.

போன மாதம் மரைக்காரும் நானும் அந்த வழியாகப் போனோம். ஸகியா வேலியோரம் நின்றாள்.

"மீரான் இப்ப ஜும்ஆவுக்கு ஒழுங்கா வாறான், மாஷா அல்லாஹ்," என்றார் மரைக்கார்.

"ஓம் மரைக்கார். ஒண்டும் விடுறல்ல. அபினத் தின்டுபோட்டுத்தான் வாறாரு," என்றாள் அவள். "ஆசுபத்திரிக்குப் போன நாளையில அபின் தின்னல்ல, ஜும்ஆக்கும் வரல்ல. எனக்கு அந்த மனிசன்தான் வேணும்."