புதுக்காட்டுக் கோல்காரன்

வெற்றிலைப் பொட்டலத்தை எறிந்தாலும் கருத்தப்பாண்டி அதை இரண்டு கையாலும்தான் பிடிக்கிறான். பிடித்ததும் வயிற்றோடு அணைத்து, அதன்மேல் பாதி குனிந்து, யாரோ பறிக்க வருவதுபோலச் சுற்றிலும் ஒரு பார்வை பார்க்கிறான். அதற்குப் பிறகுதான் பொட்டலம் பிரியும். இதைப் பார்ப்பதற்காகவே லயத்து வரிசைவீடுகளின் ஆட்கள் அவனுக்கு எதையும் கையில் கொடுப்பதில்லை. தீப்பெட்டி, பலாக்கொட்டை, தகரக் குவளை எல்லாம் வீசித்தான் வரும். ஒருமுறை பக்கத்து அறை மூக்கம்மாள், கைக்கு அகப்படாமல் ஓடிய தன் கோழியை அவன் பக்கமாக விரட்டிவிட்டு, "ஏ பாண்டி, கோலுக்குப் பந்து வருது பாரு" என்றாள். கோழி அவன் வயிற்றுக்குள் அடங்கியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. "ஒத்தக் கையில புடிக்கிறது வேடிக்கை காட்டுதவன் வேலை" என்று சொல்லிக் கோழியைத் திருப்பிக் கொடுத்தான்.

பீர்மேட்டுக்குக் கிழக்கே உள்ள புதுக்காடு தேயிலைத் தோட்டத்தில் அவன் கூலியாள். வயது முப்பதைத் தாண்டவில்லை. உயரமென்று சொல்ல முடியாது, தோள் அகலம். இடது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது, அது ஒரு பந்து செய்த வேலை. பேச்சில் பாதி ஏச்சு. கம்பளியை உதறும்போதும், கருப்புக்கட்டியைக் கடிக்கும்போதும், தூங்கும்போதுகூட அவன் நெற்றி சுருங்கியே இருக்கும் என்று அவன் மனைவி குருவம்மாள் சொல்கிறாள்.

புதுக்காட்டில் கால்பந்தாட்டத்துக்கென்று தனி மைதானம் கிடையாது. வேலை நாட்களில் விடியும்போது ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம்தான் ஞாயிற்றுக்கிழமை மைதானம். கோல் கம்பம் என்று சொன்னால் அது சரியல்ல. இரண்டு கற்பூரமரக் கழிகள், குறுக்கே ஒரு தேங்காய்நார்க் கயிறு, அவ்வளவுதான். மேற்குக் கோலுக்குப் பின்னால் தரை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து நேரே ஓடை. பந்து உள்ளே போனாலும் மேலே போனாலும் கோலைக் காத்து நிற்கும் கோல்காரன்தான் ஓடைக்கு இறங்கி எடுத்து வரவேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். காலில் அட்டைகளோடு அவன் ஏறி வரும்வரை மற்றவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். தாமதமானால் திட்டுவார்கள்.

அந்த இடம் அவன் கேட்டு வாங்கியதல்ல. முன்னால் ஓடும் இடங்களைக் கங்காணி வீட்டுப் பிள்ளைகளும் ஆபீஸ் ஆட்களும் பங்கிட்டுக்கொண்டார்கள். சேற்றில் விழவேண்டிய இடம் மிச்சமானது. அதில் கொண்டுபோய் அவனை நிறுத்தினார்கள்; அவன் விழுந்தான். விழுந்து விழுந்து ஆறு வருஷத்தில் அந்த மலைப்பக்கத்திலேயே அவனைப்போல் ஒரு கோல்காரன் இல்லை என்று பேராகிவிட்டது.

ஆட்டத்தில் எந்த இடம் கஷ்டமானது என்ற வழக்கு ஒருநாள் டீக்கடையில் நடந்தது. தலைமைக் கங்காணியின் மகன் பொன்ராஜ் நடுவில் முன்னால் ஆடுகிறவன். நாக்குத் தள்ள ஓடுவது தாங்கள்தான் என்றும், பாண்டி கையைக் கட்டிக்கொண்டு குளிர்காய்கிறான் என்றும் அவன் சொன்னான். பாண்டி கிளாசைக் கீழே வைத்தான்.

"போன வாரம் மூணு பந்தை வானத்துக்கு அடிச்சே. எவனாச்சும் ஒன்னைக் கேட்டானா? எனக்கு ஒண்ணு தப்பிச்சுன்னா ஊரே கேக்கு. ஒருநாளு வந்து நில்லுலே, முதுகுக்குப் பின்னால ஓடையை வச்சிக்கிட்டு."

தலைமைக் கங்காணி மகனை 'லே' போட்டுப் பேச அந்தக் கடையில் வேறு யாருக்கும் வாய் வராது. பாண்டி மிச்சத் தேநீரை வாசலில் கொட்டிவிட்டுப் போனான்.

கோலில் நின்றதற்கு அவனுக்கு ஒரு பலன் கிடைத்திருந்தது. தோட்டத்துப் பாக்டரியை நடத்தும் டீமேக்கர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், பந்தாட்டப் பித்து. நல்ல கோல்காரன் மழையில் ஊறி வீணாகிவிடக் கூடாதென்று அவனைத் தேயிலைக் காட்டிலிருந்து எடுத்துப் பாக்டரிக்குள் போட்டார். மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டும் வேலை. மழை கிடையாது, அட்டை கிடையாது, கீழே இருந்து அடுப்பின் சூடு வேறு. இன்னொன்றும் உண்டு. பாக்டரி ஆட்களின் லயத்தில் ஒவ்வோர் அறைக்கும் புகைபோக்கி இருக்கிறது. காட்டு ஆட்களின் லயத்தில் இல்லை. பாண்டியின் சின்ன மகளுக்கு மூச்சிழுப்பு. புகைபோக்கி உள்ள அறைக்கு வந்த பிறகு அந்தக் குழந்தை முழு ராத்திரியும் தூங்கியது. குருவம்மாளுக்குப் பந்தாட்டத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இதுதான்.

கொல்லம் 1109-ஆம் வருஷம் கன்னி மாதத்தில், கல்லாத்துக்காடு தோட்டத்தோடு கோப்பைக்கான ஆட்டம். கொழுந்து மடமடவென்று வரும் பருவம். ஆகையால் ஞாயிற்றுக்கிழமையானாலும் களத்துக்கு மேலே இருந்த மலையில் பெண்கள் கைக்காசுக்காகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். குருவம்மாளும் அவர்களில் ஒருத்தி.

இங்கே கங்காணியின் விசிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எடுத்த கொழுந்தை நிறுப்பதற்கு நேரமானதும் கங்காணி விசில் ஊதுவார். ஊதியதும் கை செடியை விட்டு இறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவசர அவசரமாகப் பறிப்பது முற்றிய இலையாக இருக்கும், எடைக்காகக் கூடையில் திணிப்பார்கள் என்பது கங்காணிமார் கணக்கு. விசிலுக்குப் பின்னும் செடியில் இருக்கும் விரல்மேல் பிரம்பு விழும். காட்டில் வளர்ந்த பிள்ளைகள் இதை ஏழெட்டு வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். பாண்டி தன் தாயின் கூடைக்குப் பக்கத்தில் நின்று கற்றவன். பாக்டரியில் அந்த விசில் கிடையாது என்றாலும் கற்றது கையை விட்டுப் போகவில்லை.

அன்று ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு பக்கமும் ஒரு கோல்கூட விழவில்லை. கல்லாத்துக்காட்டு ஆபீஸ் கிளார்க் ஒருவன் பந்தைத் தள்ளிக்கொண்டு மேற்குக் கோலை நோக்கி வந்தான். புதுக்காட்டின் பின்வரிசைக்காரர்களான சுடலையும் மிக்கேல்ராஜும் அவனை மறிக்கப் பாய்ந்தார்கள். பாண்டி கைகளை விரித்துக்கொண்டு நின்றான். அப்போது மேலே மலையில் கங்காணி காளிச்சாமி நிறுவைக்கு ஊதினார்.

சுடலை நின்றான். மிக்கேல்ராஜ் நின்றான். பாண்டியின் விரிந்த கைகள் இரண்டும் தொடைக்கு இறங்கின. கிளார்க் மட்டும் நிற்கவில்லை. அந்த விசில் ஒருநாளும் அவனுக்காக ஊதப்பட்டதில்லை. பந்து பாண்டியின் கைக்கு ஒரு சாண் தூரத்தில் உருண்டு, கோலைக் கடந்து, ஓடைக்குப் போயிற்று.

நடுவராக நின்ற மருந்துக்கடைக் கம்பவுண்டர் தன் விசிலை வாயில் வைக்கவே இல்லை. சட்டப்படி அது கோல்தான், மறுக்க வழியில்லை. வழக்கப்படி பாண்டி பந்தை எடுக்க ஓடைக்கு இறங்கினான். அவன் ஏறி வருவதற்குள் குற்றவாளி யார் என்பது மேலே முடிவாகிவிட்டது. நின்றுபோன கால்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பொன்ராஜ் வானத்துக்கு அடித்த பந்துகளைப் பற்றியும் பேச்சில்லை.

டீமேக்கர், நடுவர் ஊதினாரா என்று கேட்டார்.

"இல்லய்யா. கங்காணி ஊதுனாக."

"அப்ப கங்காணிகிட்டயே போ" என்றார் அவர்.

மறுநாள் பெரட்டில் அவன் பேரைக் காட்டு ஆட்களோடு கூப்பிட்டார்கள். அந்த வாரமே அறையும் மாறிற்று. இப்போது காளிச்சாமியின்கீழ்தான் வடிகால் வெட்டுகிறான், களை எடுக்கிறான். மாலையில் நனைந்த கம்பளிகள் இரண்டும் அடுப்புக்கு மேலே தொங்குகின்றன. புகை அறைக்குள்ளேயே சுற்றுகிறது. குழந்தை உட்கார்ந்தபடி மூச்சு விடுகிறது. அவனுக்குக் கோபம் யார்மேல் என்று கேட்டால் டீமேக்கரையும் சொல்வான், பொன்ராஜையும் சொல்வான். ஆனால் அதிகமாக ஏசுவது தன் கைகளைத்தான். "நான் எறக்கல. சவம், தானா எறங்கிட்டு" என்று அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், யாரோ இரவல் கொடுத்த கைகளைப்போல.

அவன் கல்லாத்துக்காட்டாரிடம் சாராயம் வாங்கிக் குடித்துவிட்டுக் கோலை விட்டுக்கொடுத்தான் என்று தண்ணீர்க் குழாயடியில் ஒரு பேச்சு எழுந்தது. பேசியவளின் குடத்தைக் குருவம்மாள் காலால் தள்ளி நகர்த்தினாள். "மலை மேல என் கையுந்தான் எறங்குச்சு. ஒன் கையுந்தான் எறங்குச்சு. நாம எந்தக் கோலை வித்தோம்?" என்றாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அடுத்த பருவம் வந்தது. புதிதாகக் கோலில் நின்றவன் முதல் ஆட்டத்திலேயே ஐந்து பந்தை விட்டான். டீமேக்கருக்குத் தூக்கம் போயிற்று. சுடலை வழியாகச் சொல்லியனுப்பினார்: பாண்டி திரும்ப வரலாம், பாக்டரி வேலையும் பழைய அறையும் உண்டு. ஆனால், தோற்றது தன்னால்தான் என்று பெரட்டில் எல்லாரும் கேட்க ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். புதன்கிழமை கொழுந்தின் தரம் பார்க்க அவர் நிறுவைக்கு வருவார். சம்மதமா இல்லையா என்பதை அப்போது நேரில் சொன்னால் போதும்.

பாண்டி சுடலையை ஏற இறங்கப் பார்த்தான். "நீயுந்தானலே நின்ன?"

"நின்னேன்" என்றான் சுடலை. "என்னை ஒருத்தரும் கேக்கலையே."

அடிக்கத்தான் போகிறான் என்று சுடலை பின்வாங்கினான். பாண்டி அடிக்கவில்லை, வடிகாலில் இறங்கி வெட்டத் தொடங்கினான். அன்று வெட்டிய வடிகால் தேவைக்கு மேல் ஆழமாக இருந்ததாகக் காளிச்சாமியே குறை சொன்னார்.

வீட்டில் குருவம்மாள் சுற்றி வளைக்கவில்லை. "வாயால சொல்லுத ஒரு சொல்லு. புள்ளைக்கு மூச்சு வேணும்" என்றாள். அவன் நனைந்த கம்பளியை உதறி மறுபடியும் அடுப்புக்கு மேலே போட்டான். கடைசியில், சொல்வது என்று முடிவு செய்தான். செவ்வாய்க்கிழமை முழுவதும் தேயிலைச் செடிகளைப் பார்த்து, "தப்பு எம்மேலதான், தப்பு எம்மேலதான்" என்று முணுமுணுத்தான். ஒவ்வொரு முறையும் களைக்கொத்தி அளவுக்கு மீறி மண்ணுக்குள் இறங்கியது.

புதன்கிழமை டீமேக்கர் வந்து தராசின் பக்கத்தில் குடையோடு நின்றார். மெல்லிய தூறல். பாண்டி பெண்களின் வரிசைக்கு அடுத்த வடிகாலில் இருந்தான். நிறுவைக்கு ஊதியதும் மேலே போய்ச் சம்மதத்தைச் சொல்லிவிடுவதாகக் காலையில்தான் குருவம்மாளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அவள் நாலு செடி தள்ளிக் கொழுந்து எடுத்துக்கொண்டே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காளிச்சாமி ஊதினார். வரிசை முழுவதும் கைகள் இறங்கின. பக்கத்து அறை மூக்கம்மாளுக்கு வயதாகிவிட்டது, குளிரில் விறைத்த விரல்கள் ஒரு கிளையில் மாட்டிக்கொண்டன. முற்றிய இலை திணிக்கிறாள் என்று காளிச்சாமி பிரம்பை ஓங்கினார்.

களைக்கொத்தி வடிகாலில் விழுந்தது. பாண்டி ஒரே எட்டில் குறுக்கே வந்திருந்தான். பிரம்பு பாதி வழியில் அவனுடைய இரண்டு கைகளுக்குள் அகப்பட்டது. காளிச்சாமி இழுத்தார், அது வரவில்லை. குருவம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். தராசடியிலிருந்து டீமேக்கர் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கருத்தப்பாண்டி பிரம்பை வயிற்றோடு அணைத்து, அதன்மேல் பாதி குனிந்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான்.